வண்டியோடு ஓட்டுநரையும் சோதித்தல் வேண்டும்

நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்குப் புறப்படும் லாரியின் டயர்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். சக்கர நட்டுகள், விளக்குகள், ஏர் பிரேக்கின் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை வெளியேற்றுகிறார்கள். எலுமிச்சம்பழமும் மறக்கப்படுவதில்லை. ஓட்டுநரின் இரத்தச் சர்க்கரையைக் கேட்பார்தாம் அரியர்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், பின்னர் குழப்பம். சிலருக்கு முன்னறிகுறியே தோன்றாது. பிரேக் பழுதின்றி இருந்தும் அதை மிதிக்க வேண்டிய கால் தாமதிக்கும். ஆகவே புறப்படுமுன் குளுக்கோமீட்டரில் பார்த்தல் வேண்டும். டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்டபின் புறப்படலாம். 70க்குக் கீழெனில் வண்டியை எடுக்கலாகாது. குளுக்கோஸ் உட்கொண்டு, அளவு சீரான பின்னும் முக்கால் மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். வழியில் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பார்ப்பது நலம்.

வேலை போய்விடுமென்றஞ்சி நோயை மறைக்கும் ஓட்டுநர்களை நாங்கள் காண்கிறோம். அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. அந்த முக்கால் மணி நேரத்திற்காகக் கூலியைப் பிடிக்காதிருப்பது உரிமையாளரின் கடமை என்பதே எங்கள் கருத்து. குடும்பத்தார், சோற்றுப் பொட்டலத்துடன் குளுக்கோமீட்டரையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புங்கள். அவை ஓட்டுநரின் இருக்கையருகே இருக்கட்டும். கருவிப் பெட்டிக்குள் வைத்தால் உரிய நேரத்தில் கைக்கு எட்டா.