முதல் கோலின் சுமை

2022 மே 23 அன்று ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதன்முறை இந்தியாவுக்காக ஆடிய அரியலூர் கார்த்தி செல்வம் கோலும் அடித்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது. அந்த ஒரு கோலை வைத்து ஒலிம்பிக் வரை கணக்குப் போடுவது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்தார், அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகக் கோல் போட்டார். அப்படியும் ஹாங்சோ ஆசிய விளையாட்டு, பாரிஸ் ஒலிம்பிக் அணிகளில் இடம் கிடைக்கவில்லை. முன்கள இடங்களுக்கு அத்தனை போட்டி. இப்படியொரு கோலுக்கு எழும் ஆரவாரம்தானே சிற்றூர்ப் பிள்ளைகளை மட்டை பிடிக்க வைக்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் பிடித்த மட்டையைக் கீழே போடாமல் காப்பது கோவில்பட்டியில் அவருக்குக் கிடைத்ததைப் போன்ற அன்றாடப் பயிற்சி. பெரம்பலூரும் அரியலூரும் தங்கள் பள்ளிகளுக்கு ஹாக்கிப் பயிற்சியாளர் கேட்டு அந்த ஆரவாரத்தின் வேகத்திலேயே குரல் எழுப்ப வேண்டும்.