வீட்டில் யாருக்கும் சலரோகம் இருக்கிறதா?



பூம்ப்ளிஸுக்கு வந்த புதிதில் குடும்ப வைத்தியர் கேட்டார்: "உங்கள் தாய் தகப்பனுக்குச் சலரோகம் இருந்ததா?" நான் "இல்லை" என்றேன். அது பொய். என் அப்பா சலரோகத்தால் ஒரு காலை இழந்து, பிறகு எங்களையும் விட்டுப் போனவர். பக்டரியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். மூன்று வருடம் கழித்து என் இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிட்டது.

அதன்பின் தேடி வாசித்து விளங்கிக் கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பரம்பரையாக வரும் ஆபத்து எங்களுக்கு மட்டும் உரியதல்ல. மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினர் பலரிடம் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் மாறிய வடிவங்கள் உண்டு. அவை ஈ கடித்து வரும் தூக்க நோயை எதிர்க்க உதவுபவை. ஆனால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் சிறுநீரக நோய் வரும் ஆபத்துக் கூடுகிறது. இதை 2010இல் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் சலரோகத்துக்கு அப்படி ஒரு மரபணுவைக் காட்ட முடியாது. சிறு பங்குள்ள பல மரபணுக்களோடு சாப்பாடும் உடலசைவுக் குறைவும் சேர்கின்றன. தெற்காசியர் மெலிந்தவராகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்து, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இலண்டனில் வாழும் தெற்காசியரிடம் நடந்த ஆய்வு 1991இலேயே இதைக் காட்டியது. ஆகவே, உடல் நிறைச் சுட்டெண் 25 வரும்வரை காத்திராமல் ஆசியர் 23இலேயே கவனமெடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் கூறினார்கள். 170 செ.மீ. உயரமானவருக்கு அது ஏறக்குறைய 66 கிலோ. இடுப்பைச் சுற்றி ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. வந்தாலே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கலியாணப் பேச்சு குழம்பும் என்று வருத்தத்தை மறைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதை இங்கே கொண்டு வராதீர்கள். வைத்தியர் உங்கள் அனுமதியின்றி முதலாளிக்குச் சொல்ல முடியாது; சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

இந்த வாரம் ஊருக்குப் போன் எடுக்கும்போது அம்மாவிடம் கேளுங்கள்: அம்மம்மாவுக்கு என்ன வருத்தம், அப்பப்பா எந்த வயதில், எதனால் போனவர்? எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். என் மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், அவன் "ஓம்" என்று சொல்லுவான்.