ஊரும் ஆடுகளமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் டெக்சாஸ் என்னும் பெருமாநிலம் ஒன்று உண்டு. அதன் மேற்குப் பகுதியில், மலையுமின்றி ஆறுமின்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவும் தட்டையாய்க் கிடக்கும் நிலத்திடையே, எண்ணெய்க் கிணறுகளை நம்பி வளர்ந்த நகரம் ஒடெசா. இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் அந்நகர மக்கள் முதியோரும் இளையோரும் குழந்தைகளுமாக ஒரே திசை நோக்கிச் செல்வர். கருநிறமும் வெண்ணிறமும் கலந்த உடை அணிந்திருப்பர். தேர்த்திருவிழாவோ என்று அயலூரார் ஐயுறுவர். திருவிழாவும் அன்று, தேரும் அன்று. பெர்மியன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அன்றிரவு பந்தாடப் போகின்றனர், அவ்வளவே.

அப்பந்தாட்டம் தமிழ்நாட்டுச் சிறுவர் காலால் உதைத்தாடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகின்றவனை மோதி வீழ்த்துவதுமே அதில் பெரும்பகுதி. தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து ஆடுவர். அணிந்தும் எலும்பு முறிவதுண்டு. அமெரிக்கர் இதனையே கால்பந்து என்பர். காலுக்கு அதில் வேலை குறைவு. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வாட்டத்தின்பொருட்டு ஒடெசா மக்கள் 1982-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19,000 பேர் அமரத்தக்க அரங்கம் ஒன்றைக் கட்டி முடித்தனர். அதற்கு ஆன செலவு 56 இலட்சம் டாலர். அந்நகரின் மக்கள்தொகை அக்காலத்தில் சற்றேறக்குறைய 90,000 தான். ஐந்தில் ஒருவர் ஒரே வேளையில் அமர்ந்து பள்ளிச் சிறுவர் ஆடுவதைக் காணலாம் என்றால், அவ்வூரார் உள்ளத்தில் அவ்வாட்டம் பெற்றிருந்த இடம் எத்தகையது என்பது விளங்கும்.

இதனைக் கேட்டவுடன் நகைப்பது எளிது, நகைத்தல் முறையன்று. எண்ணெய் விலை ஏறும்போது செல்வமும், இறங்கும்போது வறுமையும் அவ்வூரை மாறிமாறிப் பற்றின. 1986-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை சரிந்தபோது வேலையிழந்தோர் பலர். விலையை உறுதி செய்யும் ஆற்றல் அம்மக்களிடம் இல்லை. தங்கள் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றே தங்களுடையதாய் இருந்தது. 1965 முதல் 1991 வரை பெர்மியன் அணி ஆறு முறை மாநில வாகை சூடியது. அவற்றுள் ஒன்று மற்றோர் அணியோடு பகிர்ந்துகொண்டது. பெரு நகரங்களின் பள்ளிகளை எல்லாம் வென்று தம் ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வருகையில் ஊரார் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஓர் ஊர் தன் இளைஞரைப் பார்த்துப் பெருமிதம் கொள்வதைக் குறைகூறுவோர் ஊர் என்பதன் பொருளையே உணராதவர் ஆவர்.

பெருமிதத்தில் குறை இல்லை. அப்பெருமிதத்திற்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1988-ஆம் ஆண்டில் பிசிங்கர் என்னும் இதழாளர் ஒடெசாவுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, ஓராண்டு தங்கி, பெர்மியன் அணியின் வாழ்வை அணுகிக் கண்டு 1990-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நூலில் அவர் தரும் கணக்கு ஒன்று எந்நாட்டாரும் ஊன்றிப் படித்தற்கு உரியது. அப்பள்ளியின் ஆங்கிலத் துறைக்குக் கற்பித்தற் பொருள்கள் வாங்க ஓராண்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 5,040 டாலர். ஆட்டங்களைப் படம் பிடித்து அப்படங்களை விரைவில் பயிற்சியாளரிடம் சேர்க்க ஆன செலவு 6,400 டாலர். அந்த ஒரே ஆட்டப் பருவத்தில் அணியினர் வெளியூர் செல்லத் தனி வானூர்திகளை வாடகைக்கு அமர்த்திய வகையில் செலவானது ஏறத்தாழ 70,000 டாலர். முதுகலைப் பட்டமும் இருபது ஆண்டுப் பட்டறிவும் உடைய ஆசிரியர் ஒருவர் பெற்ற ஆண்டு ஊதியம் 32,000 டாலர். ஆட்டப் பயிற்சியாளர் பெற்றது 48,000 டாலர். இக்கணக்கைப் பகைவர் எவரும் புனையவில்லை. பள்ளியின் செலவுக் கணக்கே அது. ஊர் எதனை விரும்புகின்றது என்பதை அதன் சொற்களால் அறிதல் அரிது. செலவேட்டைப் பார்த்து அறியலாம்.

நூல் வெளிவந்தபோது ஒடெசா மக்களுட் பலர் வெகுண்டனர். அச்சுறுத்தல்கள் எழுந்தமையால் ஆசிரியர் அங்கு மேற்கொள்ளவிருந்த பயணத்தைக் கைவிட நேர்ந்தது. நூலில் எழுதப்பட்டது பொய்யா என்று கேட்டவரைவிட, எழுதியவன் யார் என்று கேட்டவரே மிகுதி. எங்கும் உள்ள வழக்கந்தான் இது.

ஊராரின் எதிர்பார்ப்பு முதலிற் சென்று தாக்குவது பயிற்சியாளரை. 1988-ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்கத்து நகரமாகிய மிட்லண்டின் அணியொன்றிடம் பெர்மியன் அணி 21-க்கு 22 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அன்றிரவு பயிற்சியாளர் கேரி கெயின்சு தம் வீட்டிற்குத் திரும்பியபோது வாயிற் புல்வெளியில் 'இவ்வீடு விற்பனைக்கு' என்னும் அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டிருந்தன. ஊரைவிட்டுப் போ என்பதே அதன் பொருள். அவர் வகுப்பைப் புறக்கணித்தாரா? மாணவரைத் தீயவழியில் செலுத்தினாரா? இல்லை, ஒரு புள்ளி குறைந்தது. அடுத்த ஆண்டு அதே கெயின்சின் அணி மாநில வாகை சூடியபோது, பலகை நட்ட கைகளே ஆரவாரித்துக் கொட்டியிருக்கும் என்பதில் ஐயம் வேண்டா. பொறுப்புக் கேட்பது என்பது இதுவாயின், கேட்பவருக்கு எப்பொறுப்பும் இல்லை என்றே ஆகும்.

பயிற்சியாளராவது வளர்ந்தவர், ஊதியம் பெறுபவர், வேண்டின் வேற்றூர் செல்லலாம். பதினேழு வயதுச் சிறுவன் எங்குச் செல்வான்? அவ்வாண்டு பெர்மியன் அணியின் நம்பிக்கையாய் விளங்கியவன் ஓர் இளைஞன். பந்தை ஏந்தி ஓடுவதில் அவனுக்கு இணையில்லை என்றனர். பல்கலைக்கழகங்களிலிருந்து அவனுக்கு மடல்கள் குவிந்தன. அவன் கல்வியில் மிகப் பின்தங்கியிருந்தான். அதுபற்றி வருந்தினோர் சிலரே. ஆட்டப் பருவம் தொடங்குமுன் நிகழ்ந்த பயிற்சி ஆட்டத்தில் அவனுடைய முழங்கால் முறுக்குண்டு கெட்டது. அவனிடத்தில் வேறொருவன் நிறுத்தப்பட்டான்; அவனும் நன்றாகவே ஓடினான். சில கிழமைகளில் முன்னவன் பெயரை உரைப்பார் அருகினர். மடல்கள் நின்றன. அவன் கறுப்பின இளைஞன் என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும். அந்நகரின் பள்ளிகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கு பயில வேண்டும் என்று நீதிமன்றம் வற்புறுத்திய பின்னர், 1982-ஆம் ஆண்டிலேதான் அது நடைமுறைக்கு வந்தது. ஓடும் காலுக்கு அரங்கில் இடமிருந்தது. கால் ஓய்ந்தபின் அவனுக்கு அவ்வூரில் என்ன இடம் என்பதை ஒருவரும் எண்ணி வைக்கவில்லை.

அவனுக்கு ஆட்டம் கற்பித்தோர் பலர். எழுத்துக் கற்பிக்கும் கடன் யாருடையது என்பது மட்டும் தெளிவாகவில்லை. கடன் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும்: திருப்பித் தரவேண்டிய பொருள் ஒன்று, செய்தே தீரவேண்டிய செயல் மற்றொன்று. ஊர் அவனிடம் பெற்ற மகிழ்ச்சி முதல் வகைக் கடன். அதனைத் திருப்பித் தருவது இரண்டாம் வகைக் கடன்.

டெக்சாஸ் அரசு இதனை அறவே உணராமல் இருந்தது என்றும் கூறுதற்கில்லை. 1984-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றியது. எந்தப் பாடத்திலேனும் 70 மதிப்பெண்ணுக்குக் குறைந்த மாணவன் ஆறு கிழமைகள் ஆடுகளம் புகலாகாது என்பது அதன் ஒரு விதி. ஆளுநர் மார்க் வைட் இதனை ஆதரித்தார். செல்வரான ராஸ் பெரோ தலைமை தாங்கிய குழு இதற்கு வழிகோலியது. ஊர்கள் கொதித்தன. 1986-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் தோற்றமைக்கு இவ்விதியும் ஒரு காரணம் என்று கூறுவோர் உளர். 1995-ஆம் ஆண்டில் ஆறு கிழமை என்பது மூன்றாகக் குறைக்கப்பட்டது.

இவ்விதியை எதிர்த்தோர் அனைவரும் அறிவிலிகள் அல்லர். ஆட்டம் ஒன்றே சில சிறுவரைப் பள்ளியில் பிடித்து வைக்கின்றது. அதனையும் பறித்தால் அவர்கள் பள்ளியையே விட்டு நீங்குவர் என்றனர். இது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. ஆனால் அதனை உரைத்தோர் அடுத்த அடியை எடுத்து வைத்தனரா? ஆட்டத்தின் ஆசையால் வந்தவனை மாலை வேளையில் அமர்த்திக் கணக்குக் கற்பிக்க முன்வந்தனரா? முன்வந்திருந்தால் விதியே தேவைப்பட்டிராது.

விதி வந்தபின் நேர்ந்தது என்ன? 1988-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மாநில அரையிறுதி ஆட்டத்தில், டல்லஸ் நகரத்து டேவிட் கார்ட்டர் பள்ளி பெர்மியன் அணியை 14-க்கு 9 என வென்றது; இறுதி ஆட்டத்திலும் வென்றது. ஆனால் அவ்வணியின் ஆட்டக்காரன் ஒருவன் இயற்கணிதத்தில் உண்மையாகவே தேறினானா என்னும் வழக்கு முன்னரே எழுந்திருந்தது. ஆசிரியர் தேறவில்லை என்றார், மதிப்பெண் மாற்றப்பட்டது, கல்வித்துறை தடுத்தது, வழக்குமன்றத் தடையாணை பெற்று அணி தொடர்ந்து ஆடியது. உள்ளதை உள்ளவாறு குறித்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். 1991-ஆம் ஆண்டில் அவ்வாகைப் பட்டம் பறிக்கப்பட்டு இறுதி ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1989-ஆம் ஆண்டில், அவ்வணியைச் சேர்ந்த சிலர் கொள்ளைக் குற்றத்தில் சிக்கிச் சிறை சென்றனர். அவர்களுக்காக வழக்குமன்றத்தில் வாதாடி ஆட்டவுரிமை பெற்றுத் தந்த பெரியோர் ஒரு செய்தியைச் சொல்லாமற் சொல்லிவிட்டனர்: நன்றாக ஆடுகின்றவனை விதி தீண்டாது. சிறுவர் அப்பாடத்தை விரைவாகக் கற்றனர். இயற்கணிதம்போல் அது கடினமானதன்று.

தோல்வியும் வழக்கும் மட்டுமே இச்சுமையைத் தருவன அல்ல. தூய வெற்றியும் தரும். இண்டியானா மாநிலத்தில் மைலன் என்றொரு சிற்றூர். அதன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றோர் 161 பேர். 1954-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அப்பள்ளியின் கூடைப்பந்து அணி, மன்சி நகரத்துப் பெரும்பள்ளியை 32-க்கு 30 என வென்று மாநில வாகை சூடியது. இறுதிப் பந்தை எய்தவர் பாபி பிளம்ப். பெரிய பள்ளி சிறிய பள்ளி என்னும் வேறுபாடின்றி எல்லாம் ஒரே களத்தில் மோதிய காலம் அது. இண்டியானாவில் அம்முறை 1997-ஆம் ஆண்டோடு முடிந்தது. அவ்வெற்றியில் மாசு ஒன்றும் இல்லை. ஆயினும் பிளம்ப் அதன்பின் கல்லூரியில் ஆடினார், தொழில் செய்தார், முதுமை எய்தினார். மக்கள் அவரிடம் கேட்டது பெரும்பாலும் பள்ளிப் பருவத்து அந்த ஒரு வீச்சைப் பற்றியே. அவர் அதனை இன்முகத்தோடு ஏற்றவர்; பின்னாளில் தம் உணவகத்திற்கே அவ்வீச்சின் பெயரைச் சூட்டினார். எல்லார்க்கும் அவ்வின்முகம் வாய்ப்பதில்லை. பதினெட்டு வயதில் வாழ்வின் உச்சியைத் தொட்டுவிட்டாய் என்று ஒருவனிடம் கூறுவது வாழ்த்துப் போலத் தோன்றும் கொடுமையாகும்.

ஆகவே ஆட்டத்தை ஒழித்தல் தீர்வன்று. அரங்கை இடித்தலும் அன்று. பொறுப்பு இருபாலும் செல்லவேண்டும். மாணவன் மதிப்பெண்ணுக்குப் பொறுப்பு, பயிற்சியாளர் வெற்றிக்குப் பொறுப்பு என்றால், கைதட்டும் ஊரார் எதற்குப் பொறுப்பு? சென்ற ஆண்டு ஆடிய பிள்ளைகளுள் எத்தனை பேர் பள்ளிப் படிப்பை முடித்தனர், முறிந்த முழங்காலுக்கு மருத்துவச் செலவு யார் தந்தனர், உண்மையான மதிப்பெண் இட்ட ஆசிரியருக்கு ஊர் துணை நின்றதா என்னும் வினாக்கள் வெற்றிக் கணக்கு உரைக்கப்படும் அதே கூட்டத்தில் எழுப்பப்படவேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் செயலன்று. வானூர்தி வாடகையில் சிறு பகுதி போதும்.

இவ்வாறு செய்யத் துணிந்தவர் ஒருவர் உண்டு. அவர் கென் கார்ட்டர். முற்கூறிய டல்லஸ் பள்ளிக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை அன்றித் தொடர்பு இல்லை. கலிபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்டு நகரத்து உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். வகுப்பில் முன்வரிசையில் அமர்வதாகவும், பள்ளி வேண்டும் அளவினும் மேலான தரம் பெறுவதாகவும் மாணவரிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கியிருந்தார். 1999-ஆம் ஆண்டு சனவரியில் அவர் அணி 13 ஆட்டங்களிலும் வென்று தோல்வி காணாது விளங்கியது. அந்நிலையில் மாணவர் சிலர் ஒப்பந்தப்படி பயிலவில்லை என்று அறிந்தார். உடனே ஆட்டக்கூடத்தைப் பூட்டினார். தவறியவரை மட்டுமன்றித் தவறாதவரையும் தடுத்தார். தம் மகனும் அவ்வணியில் இருந்தான். அணி என்றால் அனைவரும் என்றார். வெற்றி வெள்ளத்தை இடையில் அணையிட்டது கண்டு பெற்றோரும் ஊராரும் சினந்தனர், ஏச்சுகள் வந்தன. கூடம் பூட்டியே கிடந்தது. பயிற்சி வேளையில் மாணவர்கள் பந்தின்றிப் புத்தகங்களோடு அமர்ந்தனர். ஆசிரியர்கள் உடன் அமர்ந்து கற்பித்தனர். தரம் உயர்ந்தபின்பே பூட்டுத் திறக்கப்பட்டது.