குப்பைத் தொட்டியும் பஞ்சமி நிலமும்

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. இவ்வெண்களைத் தொடர்ந்து வரும் அறிவுரைகள் நாம் அறிந்தவையே: அளவாகச் சமையுங்கள், மிஞ்சியதைப் பகிருங்கள், மாடியில் தோட்டம் போடுங்கள். இவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆயினும் வீணாகும் உணவை யார் சுமக்கிறார்கள், பயிரிட யாரிடம் மண் இருக்கிறது என்னும் இரு கேள்விகளை இவை எழுப்புவதில்லை.

முதற்கேள்விக்கான விடை ஒவ்வொரு காலையும் நம் தெருவில் நடக்கிறது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தருவதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குடிமக்களின் கடமையாக்கின. அக்கடமை மீறப்படும்போதெல்லாம், அழுகிய சோற்றையும் கண்ணாடிச் சில்லையும் ஒரே பையிலிருந்து கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். தமிழ்நாட்டில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். ஆகவே பிரிக்கப்படாத குப்பை, தனிமனித அலட்சியத்தோடு முடிவதில்லை. சாதி ஒதுக்கிய வேலையை நாள்தோறும் மீண்டும் ஒதுக்குகிறது.

2025 ஆகஸ்டில் சென்னை இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் போராடினர். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்த நலத்திட்டங்களுள் ஒன்று, இலவசக் காலை உணவு. பசித்தவருக்கு உணவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமை கேட்டவருக்கு உணவைக் கொடுத்து, கேட்டதைக் கொடுக்காமல் விடுவது பழைய வழக்கம்.

மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்னும் அறிவுரையையும் இவ்வழக்கத்தின் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஓம்பிரகாஷ் வால்மீகி தம் தன்வரலாற்றுக்கு எச்சில் எனப் பொருள்படும் 'ஜூட்டன்' என்று பெயரிட்டார். உழைப்புக்குக் கூலியாக எச்சில் சோறு கொடுக்கப்பட்ட சமூகத்திற்கு மிச்சத்தைப் பகிர்தல் வெறும் ஈகையாகத் தோன்றாது. வீணடிப்பைக் குறைப்பது என்பது மிஞ்சாமல் சமைப்பதே. மிஞ்சியதற்கு வாய் தேடுவது அன்று.

இரண்டாம் கேள்வி நிலம் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892-இல் பிரித்தானிய அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பிறருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனையோடு சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதன் பெரும்பகுதி இன்று பிறர் கையில். 1994-இல் காரணையிலிருந்த அந்நிலத்தை மீட்கப் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். இந்திய மக்கள் தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர் பயிரிடும் பரப்பு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

நகரத்திலும் இதே நிலைதான். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு தருகிறது, மாடி யாருடையது? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அடுக்ககத்தின் சிறு அறைகளில் வாழ்கின்றன. அவர்களிடம் தொட்டி வைக்கச் சொல்வதற்கு முன், பொதுவில் பயிரிட ஓரிடம் ஒதுக்க வேண்டும்.

அது நடக்கக் கூடியதே. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் குழுக்கள் தரிசு நிலத்தைத் திருத்திச் சிறுதானியம் விளைவித்தன; விதையைத் தாமே காத்தன; ஊருக்கான தானியத்தை ஊரிலேயே சேமித்தன. சொந்த உணவு அங்கே பொழுதுபோக்காக இல்லை, தன்மானமாக இருந்தது.

மாணவர் செய்யக் கூடியவை உண்டு. விடுதி உணவுக் கழிவை வளாகத்திலேயே உரமாக்கக் கோரலாம். தம் ஊரின் பஞ்சமி நிலப் பதிவேடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கலாம். முன்னது தூய்மைப் பணியாளரின் சுமையைக் குறைக்கும். பின்னது, அவர் பிள்ளை பயிரிட மண் எங்கே போயிற்று என்பதைக் காட்டும்.