கஞ்சாப் பூவும் மலைநாட்டு உழவனும்

இந்த இமய அடிவாரத்திற்குப் படிக்க வந்த நாம், விடுதி மதிலோரம் யாரும் விதைக்காமலே தழைத்து நிற்கும் கஞ்சாச் செடியைக் கண்டு நகைக்காத நாளில்லை. நகைப்பு ஒருபுறம் கிடக்கட்டும். அதன் பூவைச் சற்று உற்று நோக்குங்கள் என்கிறேன்.

ஆண் வேறு செடி, பெண் வேறு செடி. ஆண்பூ ஐந்து மகரந்தத் தாள்களுடன் தொங்கும். பொடியைக் காற்றில் தூவியபின் செடியே காய்ந்துவிடும். பெண்பூவுக்கு இதழழகு கிடையாது. சிறு செதில் ஒன்று சூலகத்தைப் போர்த்திருக்க, இரு சூல்முடிகள் மட்டும் வெளியே நீண்டிருக்கும். அச்செதிலின் மேலுள்ள சுரப்பித் தூவிகளில்தான் போதைப்பொருள் மிகுதியாக ஊறுகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டமும் பூத்த, காய்த்த நுனிகளையே கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது.

நிற்க. உத்தராகண்ட அரசு 2018இல் இப்பயிரை உரிமத்துடன் வளர்க்க இசைந்தது. நாருக்கும் விதைக்கும் வளர்க்கலாம், ஆனால் டி.எச்.சி. என்னும் போதைப்பொருள் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவைப் பூவைப் பார்த்துக் கூற இயலுமா? இயலாது. பூங்கொத்து நெருக்கமா, தளர்வா என்பது கண்ணுக்குத் தெரியும். போதையின் அளவு தெரியாது.

விருத்தியாளர் பலர் நெருங்கிய கொத்தையே மெச்சுகின்றனர். மழை ஓயாத மலையில் அது வேண்டாம் என்பேன். ஈரம் உள்ளே தங்கிச் சாம்பல் பூசணம் பிடித்துக் கொத்தே அழுகிவிடும். காற்றுப் புகும் தளர்ந்த கொத்தே இங்கு ஏற்றது. பிரான்சு நாட்டு ஃபெலினா 32, ஃபியூடுரா 75 ஆகியவற்றைப்போல் இருபாற் பூவும் ஒரே செடியில் அமைந்தால், பயிர் ஒருசேர முதிரும், அறுவடையும் எளிது.

ஆனால் இது காற்றை நம்பிய பூவன்றோ! மலைச்சரிவெங்கும் காட்டுக் கஞ்சா. அதன் மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். உழவன் தன் வயலில் எடுத்துவைத்த விதையில் மறு ஆண்டே தனி ஆண்செடிகள் தலைகாட்டும்; போதையளவும் வரம்பு மீறக்கூடும். அப்போது பயிரை அழிக்கச் சொன்னால் அவன் செய்த குற்றம் யாது? காட்டுச் செடி அண்டாத இடத்தில் விதையைப் பெருக்கி, ஆண்டுதோறும் புதிதாக அவனுக்கு வழங்கும் பொறுப்பை அரசே ஏற்கவேண்டும்.

வேளாண்மை பயிலும் நண்பர்கள், தளர்ந்த கொத்தும் குறைந்த போதையும் உடைய செடிகளை இம்மலைகளிலேயே தேடலாம். மதிலோரத்திலிருந்தும் தொடங்கலாம், உரிய அனுமதி பெற்றபின்தான்!