உள்ளே வந்ததும் மாறும் கிருமி

வானொலி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் நாங்கள் வாய் திறப்போம். காலரா கிருமியும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. மேலே படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆற்று முகத்துவாரத்து நீரில் அது பாட்டுக்கு வாழும். அங்கே நச்சு தயாரிப்பது வீண் செலவு. மனிதக் குடலுக்குள் வந்ததும் டாக்ஸ்-ஆர் போன்ற புரதங்கள் இடம் மாறியதை உணர்ந்து, டாக்ஸ்-டி என்ற இன்னொரு புரதத்தை உருவாக்க வைக்கின்றன. உண்மையான சுவிட்ச் இதுதான். இது தட்டியதும் குடலில் கூடி நிற்க மெல்லிய இழைகள் முளைக்கும், நச்சும் சுரக்கும். பிறகு உடம்பின் நீரைக் குடல் கொட்டித் தீர்க்கும். கடுமையான நிலையில் மணிக்கு 1 லிட்டர் வரை! சிகிச்சை இல்லையென்றால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

அடுத்த கட்டம் இன்னும் விசித்திரம். இந்தக் கிருமிகள் வேதிப்பொருள்களை வெளியிட்டுத் தலை எண்ணுகின்றன. கூட்டம் பெருத்துவிட்டால் ஹாப்-ஆர் என்ற புரதம் நச்சு வேலையை நிறுத்தி, குடலை விட்டுக் கழன்றுபோக வழி செய்கிறது. அடுத்த ஆளைத் தேடித்தான், வேறெதற்கு?

2005-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 50,000 சேர்மங்களைச் சோதித்து, விர்ஸ்டாட்டின் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது கிருமியைக் கொல்வதில்லை, டாக்ஸ்-டியை மட்டும் முடக்குகிறது. அதைக் கொடுத்த எலிக்குட்டிகளின் குடலில் கிருமியால் குடியேற முடியவில்லை. கொல்லாத மருந்தை எதிர்த்துப் பழக கிருமிக்கு அவசரம் குறைவு என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மருந்துக்கடைக்கு அது வந்து சேரவில்லை. இன்றும் பெரும்பாலோரைக் காப்பாற்றுவது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்தான்.