ஒன்று, இரண்டு, மூன்று எழுதத் தெரியாதவர்களா நம் மக்கள்?

செல்லம்மாளின் பிறந்தகம், பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் என்று கடையத்தைக் கொண்டாட இலக்கிய அன்பர்கள் தவறுவதில்லை. அவ்வட்டாரத்து மக்கள் தம் ஊராட்சித் தலைவரை எவ்வாறு தேர்கிறார்கள் என்று கேட்டால் மட்டும், அது நமக்கெதற்கு என்று முகம் திருப்பிக்கொள்கிறோம். இந்த அலட்சியம் தகாது.

2021 அக்டோபரில் தென்காசி உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள். சீட்டுக்கு ஒரு முத்திரை. கூடுதல் வாக்குப் பெற்றவர் வென்றார். பாதிக்கு மேல் பெற்றாரா என்று சட்டம் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 பேர் வாக்களித்த ஓர் ஊரில் நால்வர் பெற்றவை 340, 310, 200, 150. இன்றைய முறைப்படி 340 பெற்றவரே தலைவர். மற்ற 660 பேரின் எண்ணத்துக்கு மதிப்பில்லை. விருப்பவரிசை முறையிலோ, வாக்காளர் 1, 2, 3 என்று வரிசையிடுவார். எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிடில், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய 150 சீட்டுகளையும் அவற்றிலுள்ள அடுத்த விருப்பப்படி பகிர்வார்கள். அவை முறையே 20, 90, 40 எனப் பிரிந்தால் நிலவரம் 360, 400, 240. அடுத்து மூன்றாமவரை நீக்க, அவருடைய 240-இல் 60 முதலாமவருக்கும் 180 இரண்டாமவருக்கும் சென்றால், முடிவு 420க்கு 580. பெரும்பான்மையோர் ஏற்கும் தலைவர் இவரே.

இதன் பயன் எண்ணிக்கையோடு முடிவதில்லை. "நீ நின்றால் வாக்குப் பிரியும், விலகிக்கொள்" என்று எளியவர்களை மிரட்டும் வாதம் இங்கே வலுவிழக்கிறது. பணமும் சாதியும் இதனால் மாயமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்குத் துணைபோகும் ஒரு சாக்கு ஒழியும் என்கிறோம்.

இது அந்நியச் சரக்குமன்று. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினரையும் இப்படித்தான் தேர்கிறார்கள். 1969-இல் வி.வி.கிரி முதல் விருப்பத்தில் பெற்ற வாக்கு மதிப்பு 4,01,515. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. அடுத்த விருப்பங்கள் சேர்ந்த பின்னரே 4,20,077 பெற்று வென்றார். 1986-இல் ஒழிக்கப்படும்வரை நம் மேலவைக்குப் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் வரிசையிட்டே வாக்களித்தனர். சட்டமன்ற உறுப்பினருக்கும் பட்டதாரிக்கும் கைவரும் வித்தை, நாள்முழுதும் பீடியை எண்ணி எண்ணிக் கட்டும் கடையத்துப் பெண்ணுக்குக் கைவராதாம்! இதைவிட இழிவான வாதம் உண்டா?

எழுத்தறியாதவர் என்ன செய்வார் என்பீர்கள். ஒரே குறியோடு நிறுத்திக்கொள்ளட்டும், அவ்வாக்கும் செல்லும். இலங்கை அதிபர் தேர்தலில் 1982 முதல் அந்த ஏற்பாடு உண்டு. 2024 செப்டம்பரில்தான் அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண நேர்ந்தது, எண்ணி முடித்தார்கள். ஸ்காட்லாந்தில் 2007 முதல் உள்ளாட்சித் தேர்தலே விருப்பவரிசையில்தான்.

தடை எங்கே இருக்கிறது? நம் கிராமங்களில் வாக்குப்பதிவு இன்னும் காகிதச் சீட்டில்தான். இயந்திரத்தின்மேல் பழிபோட வழியில்லை. ஊராட்சித் தேர்தல் விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 243 கே பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கே தந்திருக்கிறது. தம் தேர்வுக்கு ஒரு நீதி, ஊராருக்கு வேறு நீதி என்று அச்சட்டமன்றம் இன்னும் எத்தனை தேர்தல்களை நடத்தப்போகிறது என்பதே நம் கேள்வி.